கழனியில் கல் நட்டால் மனையாகிவிடுமா?

காட்பாடியில் குடியாத்தம் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் இந்தக் காட்சி தப்பாமல் கிடைக்கும். கொஞ்ச தூரம் நெல் கழனி. அடுத்து புதிதாகக் கொட்டிய செம்மண், வெள்ளையடித்த குட்டைக் கற்கள் வரிசை வரிசையாக, நாலு கலரில் கொடி, முகப்பில் ஏதோ ஒரு சாமி பெயரில் 'நகர்' என்று வளைவு. அதைத் தாண்டினால் மறுபடி கழனி, தென்னந்தோப்பு. 'கல் நட்டுட்டாங்க' என்பார்கள் எங்கள் பக்கத்தில். ஒரு நிலத்தின் ஜாதகமே மாறிவிட்டது என்பதற்கு அவ்வளவுதான் பேச்சு.

போன வருடம் பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து கேட்டாள்: "அண்ணா, பிளானிங் படிக்கிறதுன்னா வீட்டுக்கு பிளான் போடறதா?" பின்னாலேயே அவள் அம்மா: "மனை விக்கறதுக்கெல்லாமா தம்பி காலேஜ் இருக்கு?" இரண்டுமே நல்ல கேள்விகள். நான் சிவில் படித்துவிட்டு அப்புறம் திட்டமிடல் பக்கம் போனவன் என்பதால் அன்று திண்ணையில் ஒரு மணி நேரம் பேசினேன். அன்று பேசியதையும் பேச விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வீட்டு பிளான் போடுவது கட்டடக்கலைஞரின் வேலை, இன்ஜினியரின் வேலை. அங்கே கேள்வி, இந்த மனைக்குள் அறைகள் எப்படி அமைய வேண்டும் என்பது. திட்டமிடலில் கேள்வி வேலிக்கு வெளியே போய்விடுகிறது. இந்த இடத்தில் வீடு வரலாமா, கடை வரலாமா, பட்டறை வரலாமா? வந்தால் தெரு எத்தனை அடி வேண்டும்? மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? பத்து வருடம் கழித்து இங்கே எத்தனை பேர் குடியிருப்பார்கள், அவர்களுக்குப் பள்ளிக்கூடம் எங்கே? இப்படி ஒரு ஊரின் நிலத்தை எதற்கு எதற்கு என்று பிரித்து ஒதுக்குவதைத்தான் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் என்கிறார்கள். அப்படி ஒதுக்கிய நிலத்தில் காசு போட்டு, ரோடு போட்டு, கட்டி விற்பதோ வாடகைக்கு விடுவதோ சொத்து மேம்பாடு. ஒன்று அனுமதி கொடுக்கிற பக்கம், இன்னொன்று அனுமதி கேட்கிற பக்கம். மேஜை ஒன்றுதான்.

இந்தப் படிப்பு உங்களுக்குப் புத்தம் புதிதும் இல்லை. நம் ஊர்க் கிழவர்கள் நிலத்தைப் பார்த்ததுமே வகை சொல்வார்கள்: கழனி, கொல்லை, தோப்பு, நத்தம், மேய்க்கால், ஏரி உள்வாய், கானாறு. ஒவ்வொரு பெயரிலும் அங்கே என்ன செய்யலாம் என்பதும் என்ன செய்யக் கூடாது என்பதும் அடங்கியிருந்தது. நத்தத்தில் வீடு கட்டுவார்கள், மேய்க்காலில் மாடு மேயும், ஏரிக்கோடிக்குக் கீழே தண்ணீர் போகிற வழியில் யாரும் குடிசைகூடப் போட மாட்டார்கள். வருவாய்த் துறையின் நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு என்ற பிரிவுகளும் இதே வகைதான். இன்றைய திட்ட வரைபடம் அதையே வண்ணத்தில் போடுகிறது. குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, பள்ளி, மருத்துவமனை, அரசு அலுவலகம் போன்றவற்றுக்குச் சிவப்பு, பூங்காவுக்குப் பச்சை. முதல் தடவை பார்ப்பவர்கள் பஜாரின் நீலத்தை ஏரி என்று நினைத்துக்கொள்வது சகஜம். நானும் நினைத்தேன்.

தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். அனுமதி தருவது சென்னைப் பெருநகருக்கு சிஎம்டிஏ என்கிற பெருநகர் வளர்ச்சிக் குழுமம், மற்ற ஊர்களுக்கு டிடிசிபி என்று எல்லோரும் சொல்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம். அதன் கீழ் வேலூருக்கு என்று ஓர் உள்ளூர் திட்டக் குழுமம் இருக்கிறது. ஊர் முழுவதற்கும் வரைவது முழுமைத் திட்டம், ஒரு பகுதியை மட்டும் எடுத்துத் தெருத் தெருவாக வரைவது விரிவான வளர்ச்சித் திட்டம். முழுமைத் திட்டத்தில் உங்கள் நிலம் வேளாண் பகுதி என்று இருந்தால், அதில் மனை போட முதலில் நிலப் பயன்பாட்டு மாற்றம் வாங்க வேண்டும். அதற்கு ஆட்சேபம் கேட்டு விளம்பரம், வேளாண்மைத் துறை, நீர்வளத் துறை ஆகியவற்றின் கருத்து என்று பல படிகள் உண்டு.

சரி, இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுத்தான் மேலே போக முடியும். பட்டா இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருக்கிறது, அப்புறம் என்ன என்று கேட்பார்கள். மூன்றுமே நிலம் யாருடையது என்பதைத்தான் சொல்லும். அதில் என்ன செய்யலாம் என்பதைச் சொல்வது அங்கீகாரம். இந்த வித்தியாசம் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் வடாற்காட்டில் வீட்டுக்கு ஒருவர் தேறுவார்கள். என் சித்தப்பா 1998இல் வேலூரை ஒட்டிய ஒரு கிராமத்தில் 3 சென்ட் வாங்கினார். 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்று நோட்டீஸில் போட்டிருந்தது. தலைவர் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் வைத்த வரைபடம் ஒன்றும் கொடுத்தார்கள். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தர வேண்டியது நகர் ஊரமைப்புத் துறை, பஞ்சாயத்துத் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் செல்லாது என்று அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, மகள் கல்யாணத்துக்காக அந்த மனையை விற்கப் பேசி முடித்திருந்தார் சித்தப்பா. வாங்க வந்தவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். 2017இல் இப்படிப்பட்ட பழைய மனைகளுக்கு அங்கீகாரம் தர வரன்முறை விதிகள் வந்தன. கட்டணம் கட்டி, படிவம் கொடுத்து, அலைந்து அதை வாங்கினோம். அந்த வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தில் இப்போது ஒரு மாடி வீடு நிற்கிறது. தெருவில் குப்பை லாரி திரும்ப முடியாது.

பூங்கா ஏன் காணாமல் போகிறது என்பதை வைத்தே திட்டமிடல் என்ன செய்கிறது என்று விளக்கிவிடலாம். பூங்கா விடுவதால் மனை போடுகிறவருக்குப் பணம் கிடையாது. ஆனால் பூங்காவை ஒட்டிய மனைக்கு விலை கூடுதல். எல்லோருக்கும் வேண்டியது, ஆனால் தனியாக யாரும் காசு போட்டுச் செய்ய மாட்டார்கள். அதனால்தான் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, சாலைகளோடு சேர்த்துத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். பத்திரம் பதிவான பிறகு அதை யாரும் விற்க முடியாது.

அடுத்து, மேம்பாடு பக்கம் நின்று பார்ப்போம். இந்தப் படிப்பில் ஒரே ஒரு கணக்கு மட்டும் கற்றுக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் சொல்லுவேன். மீதி மதிப்புக் கணக்கு. நம் பெட்டிக்கடைக் கணக்கில், வாங்கிய விலையோடு செலவைச் சேர்த்து, லாபம் வைத்து, விற்கிற விலை சொல்வோம். நிலத்தில் இது தலைகீழ். விற்கிற விலையில் ஆரம்பித்து, செலவையும் லாபத்தையும் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சுவதுதான் நிலத்துக்குக் கொடுக்கக்கூடிய விலை.

5 ஏக்கர் கழனி என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் எல்லாம் கணக்கு புரிவதற்காக நான் போடுபவை. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, ஆக 5 ஏக்கர் 2,17,800. சாலைக்கு 30 சதவீதம் போனால் சுமார் 1,52,000 மிச்சம். அதில் திறந்தவெளி 10 சதவீதம் போனால் விற்க மிஞ்சுவது ஏறத்தாழ 1,37,000 சதுர அடி. சதுர அடி 1,000 ரூபாய் என்று விற்றால் மொத்த வரவு 13 கோடியே 70 லட்சம். சாலை, கால்வாய், தண்ணீர்த் தொட்டி, மின்கம்பம், கட்டணங்கள் எல்லாம் சேர்த்து 3 கோடியே 30 லட்சம். புரோக்கர் கமிஷன், விளம்பரம், ஞாயிற்றுக்கிழமை வேன், பிரியாணி எல்லாம் சேர்த்து 70 லட்சம். மனைகள் விற்றுத் தீரும் வரை வட்டி 1 கோடி. போட்டவருக்கு லாபம், வரவில் 20 சதவீதம் என்றால் சுமார் 2 கோடியே 70 லட்சம். கழித்தால் மிஞ்சுவது 6 கோடி. ஏக்கருக்கு 1 கோடியே 20 லட்சம், அதாவது சென்ட் 1 லட்சத்து 20 ஆயிரம்.

சதுர அடிக் கணக்கில் பார்த்தால் நிலம் கொடுத்தவருக்கு 275 ரூபாய் சொச்சம்தான் வருகிறது. 'ஆயிரத்துக்கு விக்கறான், எனக்கு முன்னூறுகூடத் தரல' என்று கழனிக்காரர் கொதிப்பதும், 'எனக்கு என்ன மிஞ்சுது' என்று மனை போட்டவர் புலம்புவதும் ஒரே கணக்கின் இரண்டு வரிகள். இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. விற்பனை விலை 10 சதவீதம் இறங்கி 900 ஆனது என்று வையுங்கள். வரவு 12 கோடியே 33 லட்சம். சாலைச் செலவும் வட்டியும் இறங்காது. கமிஷனும் லாபமும் மட்டும் கொஞ்சம் குறையும். திரும்பக் கழித்தால் நிலத்துக்கு மிஞ்சுவது 5 கோடிக்கும் கீழே. 10 சதவீத இறக்கம் நிலத்தில் 18 சதவீதமாகக் காட்டுகிறது. ஏறும்போதும் அப்படித்தான். மனை விலை எப்போதும் குதித்துக் குதித்துத் திரிவதற்குக் காரணம் பாதி இதில் இருக்கிறது.

இந்தக் கணக்கில் அனுமதி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முதல் வரியில். சதுர அடி 1,000 ரூபாய் என்ற எண் 'வீடு கட்டலாம்' என்ற அனுமதி இருப்பதால் வந்தது. அதே கழனியை நெல்லுக்கு மட்டும் என்று வைத்தால் அந்த வரி முழுக்க வேறாகிவிடும். அடுக்குமாடி கட்டலாம் என்றால் இன்னும் மேலே போகும். தளப்பரப்புக் குறியீடு 2 என்றால் 2,400 சதுர அடி மனையில் எல்லாத் தளமும் சேர்த்து 4,800 சதுர அடி கட்டலாம். அந்த எண்ணை மாற்றினால் மண்ணைத் தொடாமலேயே விலை மாறும். ஒரு வரைபடத்தில் யாரோ தேய்க்கிற மஞ்சள் பென்சிலுக்கு இத்தனை கோடி மதிப்பு. திட்ட அலுவலகங்களைச் சுற்றி ஏன் இத்தனை ஆள் நடமாட்டம் என்று கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

வேலூர் இந்தப் பாடத்துக்கு நல்ல ஆய்வுக்கூடம். கோட்டைக்குக் கிழக்கே காந்தி ரோடு, பாபுராவ் தெரு பக்கம் போய்ப் பாருங்கள். அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை சிஎம்சியாக வளர்ந்து, வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஆட்களை வரவழைக்கிறது. வருகிறவர்கள் ஒரு நாளில் திரும்புவதில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்க வேண்டும், சமைத்துச் சாப்பிட வேண்டும். குடியிருப்பு வீடுகள் ஒவ்வொன்றாக லாட்ஜ் ஆயின, முன்னறை மருந்துக்கடை ஆனது, போர்டு வங்காள மொழிக்கு மாறியது, மீன் சோறு மணக்கிறது. இதை எந்தத் திட்டமும் வரையவில்லை. தேவை வந்தது, நிலம் தன் பயன்பாட்டை மாற்றிக்கொண்டது. தெருவின் அகலமும் சாக்கடையின் அகலமும் பழையபடியே நிற்கின்றன. 2007இல் ஸ்ரீபுரம் தங்கக் கோயில் திறந்த பிறகு திருமலைக்கோடி பக்கத்திலும் இதே கதை வேறு வேகத்தில் நடந்தது.

பயன்பாடு தவறான இடத்தில் அமைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாலாற்றைக் காட்டலாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு தொடர்பான வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை இந்தியா முழுக்கச் சட்ட மாணவர்களும் திட்டமிடல் மாணவர்களும் படிக்கிறார்கள். மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில் சொன்னார்கள். அந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கண்டதைத் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. ஒருவர் வேலிக்குள் செய்யும் வேலை அடுத்தவர் கிணற்றில் போய் முடிகிறது என்றால், 'என் நிலம், என் இஷ்டம்' என்ற பேச்சு அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அதே தொழிலில் ஆயிரக்கணக்கான வீடுகள் உலை வைக்கின்றன என்பதும் உண்மை. மூடு என்று சொல்வதோ விட்டுவிடு என்று சொல்வதோ சுலபம். எங்கே வைப்பது, கழிவை எங்கே சேர்த்துச் சுத்திகரிப்பது, ஊருக்கும் அதற்கும் எத்தனை தூரம் என்று வரைந்து காட்டுவதற்குத்தான் மண்டை உடையும்.

இதே பாலாறு வருடக்கணக்கில் வெறும் மணலாகக் கிடக்கும். பிறகு ஒரு நாள் 1903 நவம்பர் போலவோ 2021 நவம்பர் போலவோ கரை புரண்டு வரும். வறண்ட ஆற்றங்கரையில் மனை வாங்குகிறவருக்கு அந்த இரண்டு வருடங்களையும் யாரும் சொல்வதில்லை.

பேட்ரிக் கெட்டிஸ் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர், 1915இல் சென்னையில் நகரக் கண்காட்சி ஒன்று நடத்திவிட்டு இந்திய ஊர் ஊராக நடந்து அறிக்கை எழுதியவர். முதலில் ஊரைப் பார், அளந்து பார், அப்புறம் திட்டம் போடு என்பது அவருடைய வற்புறுத்தல். சிஎம்சிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும்: ரத்தப் பரிசோதனை வராமல் எந்த டாக்டரும் கத்தியை எடுப்பதில்லை. படிப்பில் பெரும்பகுதி இந்தப் பரிசோதனைதான். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பு மாதிரி ஓர் இடத்தில் காலை ஏழு மணிக்கே அட்டையோடு நின்று வண்டி எண்ண வேண்டும். கார் ஒன்று என்றால் டூவீலர் அதைவிடக் குறைவு, பஸ் அதைவிட அதிகம் என்று ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டும். வீடு வீடாகப் போய் எத்தனை பேர், எங்கே வேலை, எதில் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். கணினியில் புல எல்லை வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். மக்கள்தொகைக் கணிப்பு, பொருளாதாரம், சட்டம், போக்குவரத்து, வீட்டுவசதி என்று பாடங்கள். இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நிஜ ஊருக்குத் திட்டம் போடுவது ஸ்டுடியோ. தூக்கம் கெடுவது அங்கேதான்.

எங்கே படிப்பது? திட்டமிடலுக்கான இளநிலைப் பட்டம் பி.பிளான், 4 வருடம். டெல்லி, போபால், விஜயவாடா ஆகிய மூன்று ஊர்களிலும் எஸ்பிஏ (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்) என்கிற மத்தியக் கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. நுழைவு ஜேஇஇ மெயினின் பேப்பர் 2பி: கணக்கு, பொது அறிதிறன், திட்டமிடல் சார்ந்த கேள்விகள். பிளஸ் டூவில் கணக்கு வேண்டும். விஜயவாடா காட்பாடியிலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம் என்பதால் எங்கள் ஊர்ப் பெற்றோருக்கு அது ஓர் ஆறுதல். இன்னொரு வழி, முதலில் வேறு பட்டம், அப்புறம் 2 வருட எம்.பிளான். கட்டடக்கலையும் சிவிலும் வழக்கமான வாசல்கள். புவியியல், பொருளியல், சமூகவியல் படித்தவர்களையும் பல நிறுவனங்கள் சேர்த்துக்கொள்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளியில் எம்.பிளான் உண்டு. வேலூரிலேயே விஐடியில் பி.ஆர்க் படித்துவிட்டு அந்தப் பக்கம் போகிறவர்களும் உண்டு.

வெளிநாட்டில் ஒரு வித்தியாசம். இங்கிலாந்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு நிலம் சொந்தமாக இருந்தாலும் கட்டும் உரிமை தானாக வருவதில்லை, அனுமதி வாங்கியாக வேண்டும். அனுமதியை வைத்தே சொத்தின் மதிப்பு என்று ஆகிவிட்டதால் அங்கே ரெடிங் போன்ற பல்கலைக்கழகங்களில் சொத்து மேம்பாட்டையும் திட்டமிடலையும் ஒரே துறையில் வைத்திருக்கிறார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் சொத்துக்கென்றே ஓர் இளநிலைப் பட்டம் உண்டு. இங்கே திட்டமிடல் ஒரு பக்கம், ரியல் எஸ்டேட் மேலாண்மை எம்பிஏ மாதிரி இன்னொரு பக்கம் என்று பிரிந்து கிடக்கிறது. என் கணிப்பில் இது நஷ்டம். மீதிக் கணக்குப் போடத் தெரியாத திட்டக்காரர் யாரும் கட்ட முடியாத விதியை எழுதுவார். ஏரிக்கோடி எங்கே என்று தெரியாத மேம்பாட்டாளர் தண்ணீரில் மனை போடுவார்.

வேலைக்கு வந்தால், நகர் ஊரமைப்புத் துறையின் உதவி இயக்குநர் பதவிக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு நடத்துகிறது. தனியாரில் ஆலோசனை நிறுவனங்கள், கட்டுமான நிறுவனங்கள், வங்கிகளுக்கான சொத்து மதிப்பீடு. 2016ஆம் ஆண்டின் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகு 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்களைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. வாங்குகிறவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்ய ஆள் தேவைப்படுகிறது. ஆரம்பச் சம்பளம் கணினித் துறைக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிற அளவில்தான் இருக்கும். அதை மறைத்து என்ன பயன்.

அந்தப் பெண்ணுக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை கொடுத்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம். அரசின் இணையச் சேவையில் உங்கள் வீட்டு சர்வே எண்ணின் புல எல்லை வரைபடத்தையும், எந்த நிலம் என்ன வகை என்று குறித்திருக்கிற அ-பதிவேட்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை கிலோமீட்டர் நடந்து, ஒவ்வொரு கட்டடத்தையும் கீழ்த்தளம் என்ன, மேல்தளம் என்ன என்று குறித்து, மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சைப் பென்சிலால் தீட்டுங்கள். பிறகு பழைய பதிவேட்டில் அந்த இடங்கள் என்னவாக இருந்தன என்று பொருத்துங்கள்.

அவள் இரண்டு ஞாயிறு எடுத்துக்கொண்டாள். வரைபடத்தோடு வந்தபோது, தங்கள் தெரு முனையில் இருக்கிற மளிகைக்கடைக்கு என்ன நிறம் அடிப்பது என்று தெரியாமல் விட்டிருந்தாள். பதிவேட்டில் அந்த இடம் வாய்க்கால் என்று இருந்ததாம்.